தொழில்: இல்லத்தரசி

எட்டேகாலுக்கு உள்ள கொண்டு போனாங்க. இப்ப எட்டு இருபத்தெட்டு. பதிமூணு நிமிஷம்தான் ஆகியிருக்கு, அதுக்குள்ள எனக்கு முதுகு வலிக்குது, தொண்டை காயுது, கீழ போய் ஒரு காபி குடிக்கலாமான்னு ஒரு யோசனை, நாம காபி குடிக்கப் போன நேரம் பார்த்துக் கதவைத் திறந்து ‘தமயந்தி கூட வந்தவங்க யாரு’ன்னு கேட்டுட்டா என்ன பண்றதுன்னு இன்னொரு யோசனை. ரெண்டு மணி நேரம் ஆகும்னு டாக்டர் சொல்லியிருக்கார். ‘பயப்படாதீங்க சார், தைராய்டு ஆபரேஷன் வாரத்துக்கு அஞ்சாறு பண்றோம்’னு சிரிச்சார். உங்களுக்கு வாரத்துக்கு அஞ்சாறு ஐயா, எனக்கு இருக்கிறது ஒண்ணே ஒண்ணு. சட்டைப் பாக்கெட்டுல கைக்குட்டை முடிச்சு கனக்குது, அதுல அவ தாலிச் செயின், தோடு, மூக்குத்தி. உள்ள போறப்ப உலோகம் எதுவும் உடம்புல இருக்கக் கூடாதாம். மூக்குத்தி வரமாட்டேன்னு ஒரே அடம், இருபது வருஷமா கழட்டினதே இல்ல, சோப்புப் போட்டுத் திருகித் திருகி எடுத்தா. எடுத்துட்டுக் கண்ணுல தண்ணியோட என்னைப் பார்த்து, ‘என்னங்க, இப்ப யாராவது வந்து என்னைப் பொண்ணு பார்த்துட்டுப் போயிடப் போறாங்க, ஜாக்கிரதையா வாசல்லயே இருங்க’ன்னா. ஐம்பத்தெட்டு வயசுல, கழுத்துல எலுமிச்சம்பழம் கணக்கா ஒரு கட்டியை வச்சுக்கிட்டு, பேச்சைப் பாரு. நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கணும். ‘ம், சரி, போ’ன்னேன். மாசிலாமணி, உனக்கு மெட்டு வர்ற வேகத்துல பேச்சும் வந்திருந்தா நீ எங்கேயோ போயிருப்படா.

நூத்துல ஒருத்தருக்குன்னார் டாக்டர். அந்தச் சுரப்பிக்குப் பின்னாலேயே குரல் நரம்பு போகுதாம், நூல் மாதிரி இருக்குமாம், அதைத் தொடாம கட்டியை எடுக்கணுமாம், நூத்துல ஒருத்தருக்கு, ரெண்டு பேருக்குக் குரல் கம்மிப் போக வாய்ப்பு இருக்கு, இங்க ஒரு கையெழுத்துன்னார். போட்டேன். அவளும் போட்டா. நூத்துல ஒண்ணுன்னா ஒண்ணுமே இல்லன்னுதான் அப்ப பட்டுது. ஆனா திண்டுக்கல்லேருந்து ஆர்மோனியப் பொட்டியைத் தூக்கிக்கிட்டு மெட்ராஸ் வந்தவங்க நூறு பேர்ல எத்தனை பேருக்குப் படம் கிடைச்சுது? ஒருத்தனுக்குத்தானே? அந்த ஒருத்தன் நான்தானே? பன்னெண்டு படம் பண்ணலையா நான்? அப்ப இந்த ஒண்ணு, ரெண்டு எல்லாம் எங்க வீட்டு விலாசம் தெரிஞ்ச ஆளுங்கதான். சே, இப்படி யோசிக்காத. சுவத்துல பிள்ளையார் படம் இருக்கு, அதைப் பாரு. பிள்ளையாருக்குத் தொண்டையில தும்பிக்கை மறைக்குது, ஸ்கேன் எடுக்கறதே கஷ்டம். அட பாவி, என்ன புத்தி இது, கன்னத்துல போட்டுக்கோ.

பக்கத்து நாற்காலிக்காரர் வந்தவாசிக்காரராம். அம்மாவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன், பக்கத்துத் தியேட்டர்ல. உக்கார்ந்ததிலேருந்து அவர் போன் அடிச்சுக்கிட்டே இருக்கு, தங்கச்சி, மச்சான், சித்தப்பா, எல்லாருக்கும் ஒரே பதில், ‘இன்னும் வெளிய வரலை.’ மூணாவது தடவை அடிச்சப்பதான் எனக்கு உறைச்சுது. ரிங்டோன் என் பாட்டு. ‘ஆத்துல மணல் இருக்கு, யாரு கால் பட்டிருக்கு.’ தொண்ணூத்தேழுல வந்தது, அந்த ஒரு பாட்டுதான் என் பேரை ஊர் ஊரா கொண்டு போகவேண்டியது, ஆனா அது பேரை மட்டும் விட்டுட்டுத் தனியாப் போயிடுச்சு. ‘நல்ல பாட்டுங்க’ன்னு சொல்லி வச்சேன், சும்மா இருக்க முடியாம. ‘பின்ன? யார் மியூசிக்கு!’ன்னு ஒரு பெரிய பேரைச் சொன்னார். எப்பவும் சொல்ற அதே பேர்தான். முன்னெல்லாம் இதுக்குச் சண்டை போட்டிருக்கேன், ஒரு தடவை திருப்பூர் பஸ்ல ஒரு ஆள் சட்டையைப் பிடிக்காத குறை, தமயந்திதான் என் கையைப் பிடிச்சு இழுத்து உக்கார வச்சா. ‘விடுங்க, பிள்ளை நல்லாயிருக்குன்னுதானே சொல்றார், யார் பிள்ளைன்னு தெரியாட்டி என்ன’ன்னா. இன்னிக்கு எனக்குச் சண்டைக்குத் தெம்பும் இல்ல, தேவையும் இல்ல. ஆமாங்கன்னுட்டேன். ஆனா பாட்டு காதுல நின்னுபோச்சு. அந்தம்மா குரல். பெரிய பாடகி, பேரைச் சொன்னா ஊரே எழுந்து நிக்கும். ‘யாரு கால்’ங்கற இடத்துல ஒரு சின்னக் கேவல் வருமே, மூச்சு ஒரு நூல் இழை அறுந்து ஒட்டற மாதிரி, அதுக்குத்தான் ஜனங்க செத்தாங்க. அந்தக் கேவலை அந்தம்மாவுக்குக் கொடுத்தது யாருன்னு நெனைக்கறீங்க?

உள்ள மயங்கிக் கிடக்கறாளே, அவதான். அப்பெல்லாம் அந்தம்மா மாதிரி ஆளுங்களுக்கு உக்கார்ந்து பாட்டுக் கத்துக்க நேரம் ஏது, ஒரு நாளைக்கு மூணு ஸ்டூடியோ ஏறி இறங்குவாங்க. நாங்க வாத்தியமெல்லாம் முதல்ல எடுத்து, அது மேல ஒருத்தரைப் பாட வச்சு வச்சிருப்போம். அதுக்குப் பேரு டிராக். அந்தம்மா வந்து, ஹெட்போனை மாட்டி, டிராக்கை ரெண்டு தடவை கேட்டு, அப்படியே அச்சாப் பாடிட்டுப் போவாங்க. எங்க மூச்சு, எங்க நெளிவு, எந்த எழுத்துல அழுத்தம், எல்லாம் டிராக்குல இருக்கும். என் பன்னெண்டு படத்துலயும் பொம்பளைக் குரல் டிராக் எல்லாம் தமயந்தி. முப்பத்தாறு பாட்டு. டிபன் பாக்ஸ்ல தயிர்சாதம் கட்டிக்கிட்டு வருவா, பாடுவா, நான் ஒரு தடவை கையைக் காட்டினா போதும், எந்த சங்கதியை விடணும் எதை வச்சுக்கணும்னு அவளுக்குத் தெரியும். அந்தக் கேவல் நான் சொல்லிக் கொடுத்ததில்ல. அன்னிக்கு அவளுக்குச் சளி. மூச்சு வாங்கின இடத்துல தானா உடைஞ்சுது. ‘ஐயோ, மறுபடி எடுக்கலாங்க’ன்னா. நான்தான் இருக்கட்டும் இருக்கட்டும்னு கத்தினேன். அப்புறம் அந்தம்மா வந்து சளி இல்லாமலேயே அந்தக் கேவலை அச்சடிச்சாப்பல பாடினாங்க, மகாராசி, அதுக்கு அவங்களைக் கும்பிடணும். பாடி முடிச்சதும் எஞ்சினியர் என்னைப் பார்ப்பார். டேப்புல பதினாறு வரிசைதான் இருக்கும், கோரஸுக்கும் புல்லாங்குழலுக்கும் இடம் வேணும். ‘சார், டிராக் வாய்ஸ் என்ன பண்றது?’ நான் சொல்வேன், ‘அழிச்சிடுங்க.’ முப்பத்தாறு தடவை சொல்லியிருக்கேன். ஒரு தடவை அவ என் பக்கத்துலயே உக்கார்ந்து டிபன் பாக்ஸைக் கழுவி மூடிக்கிட்டு இருந்தா. அழிச்சிடுங்கன்னேன். அவ மூடியை அழுத்தி மூடினா. எனக்கு அந்த மூடிச் சத்தம் இப்பக் கேக்குது, அன்னிக்குக் கேக்கல.

ஒன்பது அஞ்சு. நூத்துல ஒண்ணு. அந்த ஒண்ணு நடந்துட்டா, அவ குரல் எப்படி இருந்துச்சுன்னு நாளைக்கு எதை வச்சுக் கேப்பேன்? போனை எடுத்தேன். வாட்ஸ்அப்ல அவ அனுப்பின வாய்ஸ் மெசேஜ் வரிசையா இருக்கு, அவளுக்கு எழுத்துத் தட்டப் பொறுமை கிடையாது. காதோட ஒட்டி வச்சுக் கேட்டேன். ‘வரும்போது கொத்தமல்லி.’ ‘கொத்தமல்லின்னா கட்டு, நீங்க பாட்டுக்கு விதையை வாங்கிட்டு வராதீங்க.’ ‘நர்மதா போன் பண்ணா, உங்க போன் பிஸியாம், யார் கூட அவ்வளவு பேச்சு?’ நர்மதா எங்க பொண்ணு, ஒசூர்ல டீச்சர், இன்னிக்குப் பரீட்சை ட்யூட்டி, மத்தியானம் ரயில் ஏறி வரேன்னிருக்கா. கீழ கீழ போனேன். நாப்பத்தி மூணு மெசேஜ். எல்லாம் பேச்சு. பாட்டு? ஒண்ணு கூட இல்லை. அவ சும்மாப் பாடமாட்டா. ஊர்ல பொம்பளைங்க மாவாட்டிக்கிட்டே முனகுவாங்களே, அந்தப் பழக்கமே அவளுக்கு இல்லை. பாட்டுன்னா யாரோ கேட்டுக் கத்துக்கறதுக்குப் பாடறதுன்னு ஆகிப்போச்சு. படம் நின்ன அன்னிக்கு, ரெண்டாயிரத்து ஒன்பதுல, அவ பாட்டும் நின்னுபோச்சு. நான் கவனிச்சேனா? எனக்குப் படம் இல்லையேன்னு மூணு வருஷம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன், அவ எனக்கு ரசம் வச்சுக் கொடுத்தா. அப்புறம் ஞாபகம் வந்துச்சு, நான் மெட்டு தோணினா போன்ல பாடிப் பதிஞ்சு வைப்பேனே, அதுல ஒண்ணுல அவ இருக்கா. தேடினேன், ஒவ்வொண்ணா திறக்கறேன், என் குரலே எனக்கு எரிச்சலா இருக்கு, எத்தனை தனனா! கிடைச்சுது. நான் பாடறேன், குக்கர் விசில் அடிக்குது, உள்ளேருந்து அவ, ‘அங்க நிஷாதத்தைத் தொடாதீங்க, இப்படிப் போங்க’ன்னு சொல்லிப் பாடிக் காட்டறா. ஆறே செகண்டு. அதுக்குள்ள ஒரு முட்டாள் குரல், ‘இரு இரு, ரெக்கார்டிங் ஓடுது’ன்னு கத்தி நிறுத்திடுது. அந்த முட்டாள் நான்தான். வந்தவாசிக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கண்ணைத் துடைச்சுக்கிட்டேன். ‘தைரியமா இருங்க சார், எங்கம்மாவுக்கு எண்பத்தி ரெண்டு, அவங்களே தைரியமா இருக்காங்க’ன்னார். நல்ல மனுஷன்.

தொண்ணூத்தேழை நினைக்கக் கூடாதுன்னு ஒதுக்கி ஒதுக்கி வச்சேன், வந்துடுச்சு. அந்த மணல் பாட்டுக்கு அந்தம்மா தேதி கிடைக்கல, வெளிநாட்டுல கச்சேரி. தயாரிப்பாளர் சௌந்தரபாண்டியன், வெள்ளை மனசுக்காரர், டிராக்கைக் கேட்டுட்டு, ‘தம்பி, இந்தக் குரலே தேன் மாதிரி இருக்கே, இதையே விட்டுடலாமே’ன்னார். அவர் சொன்னார்! படத்துக்குப் பணம் போட்டவர், தானா வாயைத் திறந்து சொன்னார். நான் என்ன சொன்னேன்? ‘இல்லண்ணே, பெரிய குரல் வேணும், அப்பத்தான் கேசட் நிக்கும்.’ தமயந்தி அப்பக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மைக் முன்னால நின்னா. நாங்க பேசறது அவளுக்குக் கேக்காதுன்னு நினைச்சேன். டாக்பேக் சுவிட்சு, அதாங்க நாங்க பேசறது உள்ள கேக்கற சுவிட்சு, போட்டபடியே இருந்துச்சு. வீட்டுக்கு வர்ற வழியில ஆட்டோவுல அவளே சொன்னா, ‘நீங்க சொன்னதுதாங்க சரி. அந்தம்மா பாடினா அது எங்கேயோ போயிடும்.’ போச்சு. எங்கேயோதான் போச்சு, வந்தவாசி வரைக்கும் போயிருக்கு. கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சவன் கதைன்னு சொல்வாங்க. எனக்கு அவ மேல பிரியம் இல்லாம இல்லைங்க. சாமி சத்தியமா சொல்றேன். அவ குரல் எனக்கு என் கை மாதிரி. கையை எவனாவது மேடையில ஏத்தி மாலை போடுவானா? அப்படித்தான் ஆகிப்போச்சு. இதெல்லாம் ஒரு சமாதானம்னு எனக்கே தெரியுது, விடுங்க.

கதவு திறந்துச்சு. நர்ஸ் கையில பைல். ‘தமயந்தி, ஐம்பத்தெட்டு, ஹவுஸ் ஒய்ஃப், கூட வந்தவங்க?’ நான் எழுந்து ஓடினேன். என்ன ஆச்சு சிஸ்டர்னு கேட்டா, ‘ஒண்ணும் ஆகலை சார், பயாப்ஸிக்கு ஒரு கையெழுத்து விட்டுப்போச்சு, இங்க போடுங்க.’ பேனாவை வாங்கினேன். பைல்ல மேல என் கையெழுத்துலயே இருக்கு. பெயர்: மா. தமயந்தி. வயது: 58. தொழில்: இல்லத்தரசி. முந்தாநாள் கவுண்டர்ல நான் எழுதினது. யோசிக்காம எழுதினேன். ரேஷன் கார்டுல அப்படித்தான், ஆதார்ல கேக்கலை, பேங்க்ல அப்படித்தான், நர்மதா ஸ்கூல் அப்ளிகேஷன்ல ‘தாயின் தொழில்’ங்கற இடத்துல அப்படித்தான். டாக்டர் குரல் நரம்புன்னு சொன்னப்ப, ‘இவங்க பாடறவங்க டாக்டர்’னு நான் சொல்லலை. அவளும் சொல்லலை. பாட்டுக்காரின்னு தெரிஞ்சா ஒரு ஆபரேஷன் பண்றவர் இன்னும் ஒரு தடவை உத்துப் பார்க்க மாட்டாரா? டேப்புலேருந்து அழிச்சவன், இப்ப ஆளைக் கத்திக்குக் கீழ படுக்க வச்சு அங்கேயும் ஒரு தடவை அழிச்சுட்டு வந்து உக்கார்ந்திருக்கேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ‘சிஸ்டர், இதை மாத்தணும்.’ ‘எதை சார்?’ ‘தொழில். இவங்க இல்லத்தரசி இல்லை, பாடகி. டாக்டர்கிட்ட உடனே சொல்லணும்.’ அந்தப் பொண்ணு, சுகிர்தான்னு சட்டையில குத்தின பட்டையில பேரு, முகத்தைச் சுளிக்காம, ‘பாடுவாங்களா? சினிமாவுலயா சார்? என்ன பாட்டு?’ன்னு கேட்டா. நல்ல மனசோடதான் கேட்டா.

என்ன பாட்டு. முப்பத்தாறு பாட்டு வாய் வரைக்கும் வந்து நிக்குது. எதைச் சொல்ல? எதைச் சொன்னாலும் ‘அது அவங்க பாடினதாச்சே’ன்னு அந்தப் பொண்ணு சொல்லும், சொன்னா அது நிஜம். மணல் பாட்டுன்னு சொன்னா இவனுக்கு மண்டை கலங்கிப்போச்சுன்னு நினைக்கும். ஒரு பாட்டு இல்லை. அவ பேரைப் போட்டு ஒரு கேசட் அட்டை இல்லை, அவ குரல்ல ஒரு வரி இல்லை. வந்தவாசிக்காரர் வேடிக்கை பார்க்கறார். ‘பாட்டு வெளிய வரலைம்மா’ன்னேன், ‘வெளிய வராதபடி நான் பார்த்துக்கிட்டேன். ஆனா பாடறவதான். உள்ள போய்ச் சொல்லும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும். அந்த நரம்புன்னாரே, நூல் மாதிரி, அதை இன்னும் ஒரு தடவை பார்க்கச் சொல்லு. என் பொண்டாட்டி பாடறவன்னு சொல்லு.’ கத்திட்டேன் போல. ஹால் மொத்தமும் திரும்பிப் பார்த்துச்சு. கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்துல அந்த வாக்கியத்தை நான் நாலு பேர் முன்னால சொன்னது அதுதான் முதல் தடவை, அதுவும் ஆஸ்பத்திரி வராந்தாவுல, பனியன் தெரிய, மூணு நாள் தாடியோட. சுகிர்தா பேனாவை வாங்கி, ‘இல்லத்தரசி’யை ஒரு கோடு போட்டு அடிச்சு, பக்கத்துல ‘பாடகி’ன்னு எழுதினா. ‘சொல்றேன் சார், உக்காருங்க’ன்னுட்டு உள்ள போனா. கதவு ஆடி ஆடி நின்னுச்சு.

அப்புறம் நேரம் போகவே இல்லை. பத்து மணி. பத்து ஏழு. கேன்டீன்காரன் டீ டீன்னு வந்துட்டுப் போனான். பயம்னா எப்படிப்பட்ட பயம்னு சொல்றேன், அவ செத்துடுவாளோன்னு இல்லை, அது வேற பயம், அதை நான் கிட்டவே விடலை. அவ நல்லாக் கண்ணைத் திறந்து, வாயைத் திறந்து, காத்து மட்டும் வந்தா? கொத்தமல்லியை யார் சொல்வா? நான் வீட்டுக்கு வந்து செருப்பைத் தப்பான இடத்துல விட்டா யார் திட்டுவா? அவ திட்டறதுல ஒரு சங்கதி உண்டு, முதல்ல மத்திமத்துல ஆரம்பிச்சு, ‘எத்தனை தடவை சொல்றது’ல மேல ஏறி, ‘உங்களையெல்லாம்’ல நின்னு, அப்படியே சிரிப்புல இறங்கும். பொன்மலை ரயில்வே காலனி மைதானத்துல முதல் முதல்லப் பார்த்தப்பவே அப்படித்தான். எங்க மெல்லிசைக் குழுவுல அன்னிக்குத்தான் பாட வந்தா, நான் கீபோர்டு. மைக் லொடலொடன்னு ஆடுதுன்னு என்னைத் திட்டினா. மைக்குக்கும் எனக்கும் என்னம்மா சம்பந்தம்னேன். ‘பக்கத்துல நிக்கிறீங்கல்ல, பிடிக்கலாம்ல’ன்னா. பிடிச்சேன். பாட்டு முடியற வரைக்கும் ஒரு கையால கீபோர்டு, ஒரு கையால மைக் ஸ்டாண்டு. அவ அப்பா முன் வரிசையில உக்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கிட்டே இருந்தார், ஒர்க் ஷாப் யூனிபார்மோட. அதுக்கப்புறம் ஆறு மாசம் என்னோட பேச மாட்டேன்னுட்டார் அந்த மனுஷன்.

பத்தே முக்காலுக்கு டாக்டரே வந்தார், தலையில அந்தப் பச்சைக் குல்லாவோட. ‘முடிஞ்சுது, நல்லா இருக்காங்க, கட்டியைப் பார்த்தா பயப்படற மாதிரி இல்லை’ன்னார். சுவத்தைப் பிடிச்சுக்கிட்டேன். ‘குரல் டாக்டர்?’ ‘பேசற நரம்பு ரெண்டும் பத்திரம். அதை எல்லாருக்கும் பார்த்துப் பார்த்துத்தான் பண்றோம், இல்லத்தரசின்னா விட்டுடுவோமா?’ன்னு ஒரு குட்டு வச்சார். அப்புறம் குரலை இறக்கி, ‘ஆனா மேல இன்னொரு சின்னக் கிளை நரம்பு உண்டு, உச்ச ஸ்தாயிக்கு அதுதான். கட்டி வலது பக்கம் அதோட ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. நீங்க சொல்லி அனுப்பினதும் தேடிப் பிரிச்சு எடுத்துட்டேன், அறுபடலை, ஆனா இழுபட்டிருக்கு. மேல பழைய மாதிரி எட்டுமா எட்டாதான்னு ஆறு மாசம் ஆகும் தெரிய. எட்டாமலும் போகலாம். கீழ பாடலாம்’னார். எவ்வளவு கீழன்னு கேட்டேன். ‘அது நீங்கதான் சொல்லணும். எங்கம்மாவும் பாட்டுக் கத்துக்கிட்டவங்கதான், அதனால கேக்கறேன், இவங்களுக்கு இயல்பா என்ன ஸ்ருதி? எத்தனை கட்டை? அது தெரிஞ்சா ஒப்பிட்டுப் பார்க்கலாம். பழைய ரெக்கார்டிங் இருந்தாலும் கொண்டு வாங்க.’

ரெக்கார்டிங் ஆறு செகண்டு இருக்கு. அதுவும் எனக்குத் திருத்தம் சொன்னது, என் ஒன்றரைக் கட்டையில. எத்தனை கட்டைன்னு சொல்லலாம்னு வாயைத் திறந்தேன். ஆர்மோனியத்துல எந்தக் கட்டையை ஆதாரமா வச்சு ஒருத்தர் சௌகரியமாப் பாடறாங்களோ அது அவங்க ஸ்ருதி, எண் ஏற ஏற ஸ்ருதியும் மேல ஏறும், இதைப் பச்சைப்பிள்ளை கூடச் சொல்லும். எனக்கு ஊர்ல இருக்கிற அத்தனை பேர் ஸ்ருதியும் தெரியும். அந்தம்மாவுக்கு ஆறு கட்டை. அந்தம்மாவுக்கு ஜலதோஷம்னா ஐந்தரை. செத்துப்போன கோரஸ்காரங்க ஸ்ருதி கூட ஞாபகம் இருக்கு. தமயந்திக்கு? டிராக்குன்னா யார் பாடப் போறாங்களோ அவங்க ஸ்ருதியிலதான் பாடணும், அதனால ஆறு. அதுக்கு முன்னால பொன்மலையில? மெல்லிசைக் கச்சேரியில எந்தப் பாட்டும் படத்துல இருக்கிற அதே ஸ்ருதி, அப்பவும் அந்தம்மா ஆறு. எனக்குத் திருத்தம் சொன்னா என் ஒன்றரை. நர்மதாவுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தா நர்மதா ஸ்ருதி. டாக்டர் என் வாயையே பார்த்துக்கிட்டு நிக்கறார். நான் ஒரு மியூசிக் டைரக்டர். பன்னெண்டு படம். ‘தெரியாதுங்க’ன்னேன். அவர் தப்பா எடுத்துக்கலை, தோளைத் தட்டிட்டுப் போயிட்டார். நான்தான் அந்த வராந்தாவுலயே உக்கார்ந்து அழுதேன். வந்தவாசிக்காரர் ஓடி வந்து தண்ணி பாட்டிலைத் திறந்து கொடுத்தார். ‘என்ன சார், மோசமா?’ ‘இல்லைங்க, நல்லா இருக்காளாம்’னேன். அவருக்கு ஒண்ணும் புரியலை, பாவம், முதுகைத் தடவிக்கிட்டே இருந்தார்.

பன்னெண்டு மணிக்கு விட்டாங்க. ஒரு ஆள் மட்டும், அஞ்சு நிமிஷம், பேச்சுக் கொடுக்கக் கூடாது. சுகிர்தாதான் கூட்டிக்கிட்டுப் போனா. கழுத்தைச் சுத்திக் கட்டு, பக்கத்துல ஒரு குழாய், மூக்குத்தி இல்லாத முகம், யாரோ சின்னப் பொண்ணு படுத்திருக்கற மாதிரி இருந்துச்சு. கண்ணைத் திறந்து பார்த்தா. என் முகத்தைப் பார்த்ததும் புருவம் ஏறுச்சு, ‘என்ன இப்படி இருக்கீங்க’ங்கற புருவம் அது. உதடு அசைஞ்சுது. ‘நர்மதா?’ குரல் கீழ, ரொம்பக் கீழ, கரகரன்னு, ஆனா குரல். காத்து இல்லை, குரல். ‘வர்றா, மத்தியான ரயில்ல, நீ பேசாத’ன்னேன். கட்டிலைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அஞ்சு நிமிஷத்துல ரெண்டு போயிடுச்சு. மன்னிச்சுக்கோன்னு சொல்லத்தான் வந்தேன், படிக்கட்டுல மனப்பாடம் பண்ணிக்கிட்டே வந்தேன், டேப்பு, தொண்ணூத்தேழு, சௌந்தரபாண்டியன் அண்ணன், எல்லாத்துக்கும். ஆனா அதைச் சொன்னா அவ என்னைச் சமாதானப்படுத்த ஆரம்பிச்சுடுவா, தொண்டையில தையலோட. அது வேண்டாம். குனிஞ்சு அவ காதுகிட்ட கேட்டேன். ‘தமா, உன் ஸ்ருதி எவ்வளவு?’

புரியாத மாதிரிப் பார்த்தா. ‘அந்தம்மாது இல்லை. என்னது இல்லை. உனக்கு. நீ பாட்டுக்கு உன் இஷ்டத்துக்குப் பாடினா, எங்க நின்னு பாடுவ?’ மேல சீலிங்கைப் பார்த்தா. கண் ஓரத்துல ஒரு சொட்டு இறங்கிக் காதுக்குள்ள போச்சு. அப்புறம் ஊசி குத்தியிருந்த கையைப் போர்வைக்கு வெளிய மெதுவா எடுத்தா. மேடையில ஆர்மோனியக்காரனுக்குப் பாடறவங்க விரல்ல ஸ்ருதியைக் காட்டுவாங்களே, அந்த மாதிரி, கட்டை விரலை மடக்கி, மிச்சத்தை நீட்டினா. நாலு. எதுக்கும் சந்தேகமே இல்லாத நாலு. ஆறுக்கும் நாலுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு எனக்குத் தெரியும், முப்பத்தாறு பாட்டும் அவ எம்பி எம்பி நின்னு பாடியிருக்கா, எனக்குக் கால் கூட வலிக்கலை.

‘என்ன சார் நாலு? நாலு மணிக்கு ஏதாவது வேணுமாமா?’ன்னு சுகிர்தா டிரிப்ஸைச் சரி பண்ணிக்கிட்டே கேட்டா.

‘இல்லம்மா’ன்னேன். ‘நான்தான் ஒண்ணு கேட்டேன். கேக்கறதுக்குத்தான் இத்தனை நாளாச்சு, அவ பதிலைத் தயாரா வச்சிருந்திருக்கா.’